எதிர்க்கரையில் நிற்கும் மாப்பிள்ளைக்கு

என் அருமை மாப்ள,

பனமலை ஏரியின் எதிர்க்கரையில் நீ நிற்கிறாய். பறவை பார்க்கிற உன் ஸ்கோப்பில் போனை மாட்டிப் பார்த்தால் இருக்கிறாய். வெறுங்கண்ணால் பார்த்தால் இல்லை. உன் பொண்டாட்டி வள்ளி பார்த்தாள், அவளுக்கு அண்ணன் என்கிற முறையில் நானும் பார்த்தேன். நடந்தது இதுதான்.

நீ தங்கச்சியைக் கட்டுவதற்கு முன்பிருந்தே உன்னோடு எனக்கு வா, போ என்கிற பேச்சுதான். அதே உரிமையில் கேட்கிறேன். ஏன் இன்னும் அங்கே நிற்கிறாய்?

திண்டிவனத்தில் பைப் கடை வைத்திருப்பவன் பேய், பிசாசு என்று பேசினால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. போனை ஸ்கோப்பில் பொருத்துகிற அந்த மாட்டியை உனக்குச் செய்து கொடுத்ததே நான்தானே. பிவிசி கப்ளிங்கை அறுத்து, ஒரு முனையில் உன் போனின் பின்மூடியைப் பசை போட்டு ஒட்டி, மறுமுனையை ஸ்கோப்பில் கண் வைக்கிற இடத்தில் செருகினோம். பறவைக்கே பைப் கனெக்‌ஷன் கொடுத்த முதல் ஆள் நீதான் என்று கிண்டல் பண்ணினேன். கிட்டப் போனால் பறந்துவிடும், அதனால்தான் தூரத்தில் நின்று எடுக்கிறோம் என்றாய். அப்படிச் சொன்னவன் அன்றைக்கு மட்டும் ஏன் கிட்டப் போனாய்? வலையில் சிக்கிய பாம்புத்தாராப் பறவையை அவிழ்க்க, நீச்சல் தெரியாத நீ கோரைக்குள் எதற்கு இறங்கினாய்?

உன் காரியம் முடிந்ததும் வள்ளி தினமும் ஏரிக்குப் போக ஆரம்பித்தாள். அனந்தபுரத்திலிருந்து மொபெட்டில் ஸ்கோப்பைக் கட்டிக்கொண்டு விடியும்போதே போய்விடுவாள், வெயில் ஏறி, தலை சுற்றும்போதுதான் திரும்புவாள். சோறு இறங்கவில்லை. ஆள் பாதியாகிவிட்டாள். பறவை பார்க்கிறாள், மனசு ஆறட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடப் போன பிறகுதான் அவள் எதைப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

மாட்டியில் உன் பழைய போன். திரையில் வட்டமாகக் கோரை, நாலைந்து நத்தைகுத்தி நாரை, நடுவில் நீ. அந்தப் பச்சைக் கட்டம் போட்ட சட்டை. முக்காலியில் எதையோ நிறுத்தி, குனிந்து அதில் கண் வைத்திருந்தாய். அதன் வாய் எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. மாப்ள, நீ எங்களைத்தான் படம் எடுத்துக்கொண்டிருந்தாய்.

நான் பட்டனை அமுக்கினேன். படத்தில் நாரை விழுந்தது, கோரை விழுந்தது, நீ விழவில்லை.

லென்ஸைத் துடைத்தேன். மாட்டியைக் கழற்றிவிட்டு என் போனைக் கையால் பிடித்துப் பார்த்தேன். கானலாக இருக்கும் என்று மேகம் மூடுகிறவரை காத்திருந்தேன். மறுநாள் விழுப்புரம் போய்க் கண்ணைக்கூட சோதித்துக்கொண்டேன். கண்ணாடியே வேண்டாம் என்று அனுப்பிவிட்டார் டாக்டர். நாரைகள்தான் என்னை அதிகம் உறுத்தின. மனுஷ வாடை பட்டாலே கிளம்புகிறவை, உன் காலடியில் நத்தை பொறுக்கிக்கொண்டிருந்தன.

அடுத்த ஞாயிறு வள்ளியை ஸ்கோப்பிடம் நிறுத்திவிட்டு, பைக்கில் கரையைச் சுற்றி உன் இடத்துக்கே வந்தேன். நான் வருவதற்குள் நாரைகள் பறந்துவிட்டன. ஆள் இல்லை. ஈரச் சேற்றில் மூன்று குழிகள் மட்டும் முக்காலி ஊன்றின மாதிரி இருந்தன. தண்ணீர் இன்னும் அவற்றில் ஊறிக்கொண்டிருந்தது.

என் போன் அடித்தது. வள்ளி.

"அண்ணா, அசையாத. உனக்குப் பின்னாடிதான் நிக்கிறாரு. உன் தோள்ல கை வச்சிக்கினு இருக்காரு."

நான் திரும்பவில்லை. தைரியசாலி என்று உனக்கு எப்போதும் நான் காட்டிக்கொண்டதில்லை. சட்டைக்குள் வேர்வை இறங்கியது, தோள் மட்டும் குளிர்ந்தது.

"இப்ப கையை ஆட்றாரு. என்னியத்தான் கூப்பிட்றாரு."

அக்கரையில் அவள் நீலப் புடவை சின்னப் பொட்டாகத் தெரிந்தது. அது மெல்லத் தண்ணீர் பக்கம் நகர்ந்தது. நீ போன அதே ஏரி, அவளுக்கும் நீச்சல் தெரியாது. சுற்றிப் போய்ப் பிடிக்க நேரமில்லை. சாகாதே, நான் இருக்கிறேன் என்றெல்லாம் சொன்னால் கேட்கிற நிலையில் அவள் இல்லை. முரண்டு பிடிக்கிற வாடிக்கையாளரிடம் அவர் நஷ்டத்தைத்தான் சொல்ல வேண்டும். அதைத்தான் சொன்னேன்.

"வள்ளி, தண்ணியில கால் வச்சிட்ட. இப்ப அவரு தெரியிறாரா?"

தண்ணீர் சலசலப்பு மட்டும் போனில் கேட்டது.

"வெறுங்கண்ணுக்கு அவரு கிடையாதும்மா. ஸ்கோப்பை விட்டுட்டு வந்தா இருக்கிறதும் போச்சு."

நீலப் பொட்டு நின்றது. ரொம்ப நேரம் நின்றது. அப்புறம் கரையேறியது.

போய்ச் சேர்ந்தபோது முழங்கால் வரை நனைந்து, போனில் கண்ணை ஒட்டிக்கொண்டு நின்றாள். அந்த இடத்திலேயே பேரம் பேசினோம். தினமும் என்றாள். மாதம் ஒருமுறை என்றேன். அவள் அழுதாள், நான் கத்தினேன். வாரம் ஒரு நாளில் வந்து முடிந்தது. ஸ்கோப்பை விற்க மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சாப்பிட உட்கார்ந்தாள்.

மறுவாரம் அவளைத் தள்ளி உட்காரவைத்துவிட்டு, போன் திரையைப் பார்த்து உன்னிடமும் பேசினேன். கேட்டதோ இல்லையோ, நீ முதல்முறையாக முக்காலியிலிருந்து நிமிர்ந்தாய். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாய். சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அவளை நான் பார்த்துக்கொள்கிறேன் மாப்ள, என் மூச்சு இருக்கிறவரை. நாம் முடித்துக்கொண்டது இதுதான்: ஞாயிற்றுக்கிழமை மட்டும், சாப்பிட்ட பிறகு, நான் கூட இருக்கும்போது. மற்ற நாளில் ஸ்கோப் என் கடையில் பூட்டியிருக்கும். அவள் கரையை விட்டு இறங்க மாட்டாள், நான் உன் பக்கம் வர மாட்டேன். நீ எத்தனை படம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள். கையை மட்டும் ஆட்டக் கூடாது.

இப்படிக்கு,
வள்ளியின் அண்ணன், உன் மச்சான்