எழில், கொஞ்சம் தள்ளிக்கோ

12 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

ஸ்பாய்லர் வந்துவிட்டது. காரின் பின்பக்கம் மாட்டுகிற றெக்கை. என் சிவப்புக் காருக்கு வயசாகிவிட்டதுதான், அதற்காக ஆசை இருக்கக் கூடாதா? மாட்டிப் பார்த்தேன். அழகோ அழகு. லட்சுமணன் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, “துண்டு காயப் போட வசதியா இருக்கும்” என்றார். இந்த மனுஷனுக்குக் கழுத்தை நீட்டினேன் பார். காட்டுப்பாக்கத்திலிருந்து போரூர் போவதற்குள் இரண்டு தடவை வாந்தி எடுக்கிறவர். முன் சீட்டில் உட்கார்ந்து, ஏசி போட்டு, ஆமை மாதிரி ஓட்டினாலும்.

எழிலுக்குத்தான் இதெல்லாம் புரியும். ஞாயிற்றுக்கிழமையே சொன்னான்: “றெக்க வெச்சா பறக்காதுக்கா. ஆனா சிக்னல்ல எல்லாம் உன்னியேதான் பாப்பானுங்கோ.” ஞாயிறு தோறும் எங்கள் டீக்கடைக்கு மஞ்சள் ஸ்போர்ட்ஸ் காரில் வருகிற பையன். கோடிக்கு மேல் விலை. எங்கள் ‘குதிரைசக்தி குடும்பம்’ குழுவில் நாலைந்து பேர் வண்டிகளைச் சேர்த்துக் கட்டினாலும் அந்த இழுவை வராது. ஆனால் துளி பந்தா கிடையாது. ரப்பர் செருப்பு, கசங்கின சட்டை. பெரிய இடத்துப் பிள்ளைகள் இப்போது இப்படித்தான் திரிகிறார்கள் என்று எங்கள் குழு ரோஹித் சொல்கிறான். அவனுக்குத் தெரியாததா? யூட்யூபில் கார் விமர்சனம் செய்கிறவன்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

காலையில் டீக்கடையில் எல்லோரும் எழிலுக்காகக் காத்திருந்தோம். பக்தவத்சலம் சார் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து புதுக் கூலிங்கிளாஸோடு வந்திருந்தார், மஞ்சள் காரில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்ள. பீரங்கி வண்டி இன்ஜினோடு மல்லுக்கட்டுகிற உத்தியோகம் அவருக்கு. எந்தக் காரைப் பார்த்தாலும், “எங்க வண்டி ஏறுனா அப்பளம்” என்பார்.

டயர்க்கடை அப்துல் ரசாக் பாய் வந்தார். எப்போதும் ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறவர், இன்று வண்டியை விட்டு இறங்கவே இல்லை. கண்ணாடியை இறக்கினார்.

“சென்னீர்குப்பத்தாண்ட... நம்ம மஞ்சா வண்டி. நடு செவுத்துல மோதிட்ச்சு. பையன் போய்ட்டான்மா.”

எல்லோரும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டோம். டீ அப்படியே ஆறிப்போனது. நான் எப்படி வீடு வந்து சேர்ந்தேன்? வேகமாக வந்தேனா, மெதுவாக வந்தேனா — ஒன்றும் நினைவில்லை.

18 ஆகஸ்ட், திங்கள்

நேற்றுப் பேசாததற்கெல்லாம் சேர்த்து இன்று குழுவில் பேசித் தீர்த்துவிட்டார்கள். ரோஹித் ஒரு நீண்ட குரல்பதிவு போட்டிருக்கிறான்: காரின் மூக்கில் காற்று எப்படி மோதும், வால் எப்படித் தூக்கும் என்று. ரசாக் பாய், டயரில் நைட்ரஜன் அடித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்கிறார். (நைட்ரஜன் அவர் கடையில் மட்டும்தான் அடிக்கிறார்கள்.) பக்தவத்சலம் சார், “எங்க வண்டியா இருந்தா செவுருதான் செத்திருக்கும்” என்று எழுதி, அதற்குப் பன்னிரண்டு கட்டைவிரல் வாங்கிவிட்டார். எல்லோரும் காரைத்தான் போஸ்ட்மார்ட்டம் செய்கிறார்கள். ஒருத்தராவது பையனைப் பற்றி — சே.

நான் மட்டும் ஒழுங்கா? சாப்பிட உட்கார்ந்ததும் லட்சுமணனிடம் நான் சொன்ன முதல் வார்த்தை, “அந்த மஞ்சள் இனிமே கிடைக்காதுங்க, கம்பெனியிலேயே நிறுத்திட்டான்.” அவர் சாம்பார்க் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“அன்னைக்கு டீக்கடையில நான் வாந்தி எடுத்தப்ப முதுகைத் தடவிவிட்டது அந்தப் பையன்தான் கலை.”

எனக்குத் தெரியவே தெரியாது. நான் அப்போது எங்கே இருந்தேன்? அந்தக் காரின் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்திருப்பேன்.

19 ஆகஸ்ட், செவ்வாய்

பேப்பரில் வந்திருக்கிறது. கார் எழிலுடையது இல்லை. முதலாளி வெளிநாட்டில் இருக்கிறார். வாரம் ஒரு தடவை ஓட்டாவிட்டால் பேட்டரி இறங்கிவிடும் என்று எழிலை டிரைவராகப் போட்டிருந்தார். வீடு கரையான்சாவடி. பேட்டரிக்காக ஓட்டிய ஓட்டத்தில்தான் எங்களோடு டீ குடித்திருக்கிறான். எங்களில் ஒருத்தரும் அவனிடம், நீ யார், எந்தத் தெரு என்று கேட்டதில்லை. மைலேஜ் கேட்டிருக்கிறோம்.

குழுவில் ஒரு புண்ணியவான் எழுதினான்: “ஓனர் இல்லையா? அப்ப அஞ்சலி ஃப்ளெக்ஸ் தேவையா?”

கோபம் வந்தால் எனக்குத் தென்காசி வந்துவிடும். “ஏலேய், ஒன் வண்டி பேங்க்காரன் வண்டி. நீ செத்தா பேங்க்குக்கால ஃப்ளெக்ஸ் வைப்பாவ?” என்று எழுதிவிட்டு, ஆளைக் குழுவிலிருந்து தூக்கினேன். அட்மினாக இருப்பதில் வேறென்ன சுகம் இருக்கிறது.

20 ஆகஸ்ட், புதன்

ஸ்பாய்லரைக் கழற்றினேன். சாயங்காலம் மறுபடி மாட்டினேன். ஏன் என்று கேட்காதே.

21 ஆகஸ்ட், வியாழன்

பக்தவத்சலம் சார் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸுக்கு டிசைன் அனுப்பினார். நடுவில், பெரிதாக, மஞ்சள் கார். அதற்கு ரோஜா மாலை. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. கீழே ‘தோற்றம் 2021, மறைவு 2025’. சுற்றிலும் எங்கள் தலைகள், எல்லோரும் கூலிங்கிளாஸில், துக்கத்தில். ஒரு மூலையில் சின்ன எழுத்தில் ‘மற்றும் எழில்’.

போன் போட்டுக் கத்தினேன். “சார், செத்தது காரா?”

“பையன் போட்டோ இல்லம்மா. தேடிட்டேன். காருதான் இருக்குது.”

“இத்தனை பேர் போன்ல ஒரு படம் இல்லையா?”

“உன் போனைப் பாரும்மா மொதல்ல.”

பார்த்தேன். ஹெட்லைட். பம்பர். சக்கரம். சக்கரத்தின் நடுவில் இருக்கிற மூடி, நாலு கோணத்தில். ஒரு படத்தில் ஓரமாக ஒரு முழங்கை. இன்னொன்றில் ரப்பர் செருப்பு, இடது கால் மட்டும். “எழில், கொஞ்சம் தள்ளிக்கோ.” ஞாயிறு தோறும் நான்தான் சொல்லியிருக்கிறேன். நான் மட்டுமா, எல்லோரும். அவனும் சிரித்துக்கொண்டே தள்ளிக்கொள்வான். என்ன ஜென்மங்கள் நாங்கள்?

24 ஆகஸ்ட், ஞாயிறு

எழிலின் தங்கை டீக்கடைக்கு வந்தாள். ரேவதி. மருந்துக்கடை யூனிஃபார்மோடு நேரே வேலையிலிருந்து வந்திருக்கிறாள்.

“கலைவாணியக்கா நீங்கதானே? அண்ணன் சொல்லிக்கினே இருக்கும். ஞாயித்துக்கெழம ஆனா போதும், ஃபிரண்டுங்க வெயிட் பண்ணுவாங்கோன்னு ஓடும்.”

ஃபிரண்டுங்க. எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அவள் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. பதினாறாம் நாள் காரியம் செப்டம்பர் ஒன்றாம் தேதி. அன்றைக்கு வைக்க ஒரு படம் வேண்டும். எழிலின் போன் வண்டியோடு நொறுங்கிவிட்டது. வீட்டில் எப்போதும் அவன்தான் படம் எடுப்பானாம், அதனால் எதிலும் அவன் இல்லை. “லைசென்ஸ் போட்டோ ஒண்ணுதான் கீது. அதுல அண்ணன் ஆடு திருடி மாட்டிக்கினா மாறி கீறான். அம்மா அத்தப் பாத்து, இது எம்புள்ளையே இல்லன்னுதுக்கா. உங்ககிட்ட சிரிச்சா மாறி ஒண்ணாவது இருக்கும்ல?”

“இருக்கும்மா, தர்றேன்” என்றேன். பக்தவத்சலம் சார் என்னையே பார்த்தார். ரசாக் பாய் தரையைப் பார்த்தார். என் வாய்க்கு ஒரு பூட்டுப் போட வேண்டும். எங்கிருந்து தருவேன்?

26 ஆகஸ்ட், செவ்வாய்

குழுவில் உத்தரவு போட்டேன்: எல்லோரும் எல்லாப் படத்தையும் அனுப்பவும், வெட்டாமல்.

ரசாக் பாயின் படங்கள் மொத்தமும் டயர். அதில் ஒன்று மஞ்சள் காருடையதே இல்லை. “பாய், இது ரேஷன் கடை முன்னாடி நிக்கற லாரி.” “டயர் பட்டன் தேயாம எவ்ளோ சூப்பரா கீது பாத்தியாம்மா?” பக்தவத்சலம் சார் அனுப்பியது எல்லாம் பக்தவத்சலம் சார். ரோஹித் எழிலை வெட்டியிருக்கிறான், ஒவ்வொரு படத்திலும், நூல் பிடித்த மாதிரி. டீக்கடையில் பிடித்துக் கேட்டதற்கு, “மனுஷன் இருந்தா கண்ணு காரை விட்டுப் போயிடும்க்கா” என்றான். அவனே சொல்லிவிட்டு அவனே தலையைக் குனிந்துகொண்டான். பிறகு பிராயச்சித்தமாக, கார்க் கதவில் ஒரு பிம்பம் தெரிகிறது என்று பெரிதாக்கி, பெரிதாக்கி, சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து துடைத்தெடுத்தான். டீ மாஸ்டர் கிடைத்தார்.

நாங்கள் கூட்டமாக நிற்கும் படங்கள் இருக்கின்றன. எல்லோரும் வாய் விட்டுச் சிரிக்கிறோம். எழில் இல்லை. எப்படி இருப்பான்? எடுத்ததே அவன்தான்.

28 ஆகஸ்ட், வியாழன்

ரோஹித் ஏதோ ஆப்பில் லைசென்ஸ் படத்தைச் சிரிக்க வைத்துக் கொண்டுவந்தான். மேல் வரிசைப் பல் காது வரை போகிறது. தயவு செய்து இதை யாருக்கும் காட்டாதே என்றேன்.

30 ஆகஸ்ட், சனி

நாளை மறுநாள் காரியம். ரேவதிக்கு என்ன சொல்வதென்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து லட்சுமணன், “போன்ல இடமில்லைன்னு வருது, கொஞ்சம் பாரேன்” என்று வந்து நின்றார். வருகிற குட்மார்னிங் ரோஜாவைக்கூட அழிக்காத ஆள். திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாக அழித்தேன்.

நடுவில் ஒரு வீடியோ. ஜூன் மாதம், அவர் என்னோடு வந்து வாந்தி எடுத்த அதே ஞாயிறு. எங்களைச் சேர்த்து ஒரு படம் எடுக்கச் சொல்லி எழிலிடம் போனைக் கொடுத்திருக்கிறார். இவரது போன் பழைய போன். அவன் போட்டோவுக்குப் பதில் வீடியோவை அமுக்கிவிட்டான். திரையில் நாங்கள் பொம்மை மாதிரி நிற்கிறோம். குரல் மட்டும் அவனுடையது:

“அக்கா, கண்ணத் தொற. பாய், டயர வுட்டுட்டு இங்க பாரு. பக்தா சார், தொப்பைய உள்ள இழு சார், நம்பர் பிளேட்ட மறைக்குது. ஆங், அப்டித்தான்... இன்னாடா இது, எடுக்கவே மாட்டேங்குது?”

போன் திரும்புகிறது. திரை முழுக்க எழில். கீழேயிருந்து, மூக்குத் துவாரம் இரண்டும் தெரிய, பின்னால் வெறும் வானம். “அட, வீடியோல ஓடிக்கினு கீது நைனா!” என்று சிரிக்கிறான். கடைவாய்ப் பல் தெரியச் சிரிக்கிறான். கார் எங்கேயும் இல்லை.

நான் ஓவென்று அழுததில் லட்சுமணன் பயந்துபோய், “ஐயோ, அழிச்சிட்டியா?” என்றார்.

1 செப்டம்பர், திங்கள்

ஆபீஸுக்கு லீவு. கரையான்சாவடி மெயின் ரோட்டிலேயே வண்டிகளை நிறுத்திவிட்டுத் தெருவுக்குள் நடந்து போனோம். எங்கள் சைலன்சர் சத்தமெல்லாம் அங்கே கேட்க வேண்டாம் என்று பக்தவத்சலம் சார்தான் சொன்னார். லட்சுமணனும் வந்தார். வழியில் வாந்தி எடுக்கவில்லை.

அந்த வீடியோவிலிருந்து எடுத்துக் கொடுத்த எழிலின் படத்தைச் சட்டம் போட்டு, மாலை போட்டு வைத்திருந்தார்கள். மூக்கு கொஞ்சம் பெரிதாகத்தான் தெரிகிறது. எழிலின் சித்தப்பா ரோஹித்திடம், “எப்டி ஆச்சு நைனா, வண்டி பத்தி உங்களுக்குத் தெரியும்ல?” என்று கேட்டார். ரோஹித், “தெரியல சார்” என்றான்.

எழிலின் அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. “எங்க வெச்சு எடுத்தது?” என்று மட்டும் கேட்டார். ரேவதி பக்கத்தில் உட்கார்ந்து வீடியோவைப் போட்டுக் காட்டினாள். அம்மா ஒரு தடவை பார்த்தார். எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

“இதுல தொப்ப சாரு யாரு?”

பக்தவத்சலம் சார் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றார். “நான்தாம்மா.”

“இன்னொரு தபா போடு” என்றார் அம்மா.

எழிலின் குரல் மறுபடி வந்தது. ‘தொப்பைய உள்ள இழு சார்’ என்றதும், நின்ற இடத்திலேயே பக்தவத்சலம் சார் மூச்சைப் பிடித்துத் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டார். வேண்டுமென்று செய்யவில்லை, தானாக வந்துவிட்டது. அம்மா அதைப் பார்த்துவிட்டார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது. பதினாறு நாளாக வராத அழுகை என்று ரேவதி என் காதில் சொன்னாள். அழுதுகொண்டே, “இன்னொரு தபா போடுடி” என்றார்.

ரேவதி போட்டுக்கொண்டே இருந்தாள். பக்தவத்சலம் சார் ஒவ்வொரு தடவையும் இழுத்துக்கொண்டார். ரசாக் பாய் நேராகப் பார்த்தார். நானும் அவன் சொல்லும்போதெல்லாம் கண்ணைத் திறந்துகொண்டேன்.