உலுக்கினால் அணையும் மெஷின்

அன்பான அக்கா,

உனக்கு முப்பத்தோராம் நாள் காரியம் முடித்துக் கும்பிட்ட கையோடு இதை எழுதுகிறேன். சாம்பிராணிப் புகை இன்னும் வீட்டைவிட்டுப் போகவில்லை. என் கோபமும் போகவில்லை.

காசு போட்டுப் பந்தைத் தட்டி ஆடுகிற உன் பின்போல் மெஷின் இப்போது கண்டி வாவிக்கு மேலே உள்ள அந்த ஹோட்டலில், வரவேற்பறை நடுவே நிற்கிறது. எலி கூடு கட்டிக் கிடந்ததை நம் மஹய்யாவ வீட்டு முன்னறையில் வைத்து, மோட்டருக்குக் கம்பி சுற்றுகிற கையாலேயே ஒவ்வொரு கொயிலையும் நீ சுற்றி எடுத்தாய். பந்தைத் தட்டும் துடுப்பு முதன்முதலாகத் துடித்த அன்று நீ சோறுகூடச் சாப்பிடவில்லை. ஹோட்டல் முதலாளியோ வருகிறவர்களிடமெல்லாம், "நானே ஆறு மாசம் இருந்து திருத்தினேன்" என்கிறார். ஈயம் பற்றவைக்கிற சொல்டர் அயனில் எந்த முனை சுடும் என்றுகூடத் தெரியாத மனுஷன்! நோகாமல் நுங்கு தின்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மரமும் நான்தான் வைத்தேன் என்கிறவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

உன் பெயரை ஒரு சின்னத் தகட்டில் எழுதி ஒட்டச் சொன்னேன். சிரித்தார்.

"மஹய்யாவ பொம்பளை ஒண்ணு செஞ்சதுன்னு போட்டா மதிப்பா இருக்குமா தம்பி?"

நம்ம ஊர் ஆள்தான், அக்கா. மதிப்பு மட்டும் வெளியூரிலிருந்து வரவேண்டும்.

அந்தத் தூக்குக்குண்டு உனக்கு ஞாபகம் இருக்கும்தானே? மெஷினுக்குள் ஒரு வளையத்தின் நடுவில் தொங்கும். யாராவது பிடித்து உலுக்கினால் வளையத்தில் முட்டி, விளக்கெல்லாம் அணைந்து ஆட்டம் முடிந்துவிடும். விருந்தாளிகள் குறைப்படுகிறார்கள், அதைக் கழற்று என்று அவர் கேட்டபோது நீ என்ன சொன்னாய்? "ஒலுக்கித்தான் ஜெயிக்கணும்னா கொய்யா மரத்துக்குப் போகச் சொல்லு."

நீ பேராதனை ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் அவர் என்னைக் கூப்பிட்டு அதைக் கழற்றச் சொன்னார். நான் போய்க் கழற்றினேன். ஊரை ஏசுகிற வாயால் என்னையும் ஏசிக்கொள்கிறேன்: முதுகெலும்பில்லாத பயல். குண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. உனக்குத் தெரிந்திருந்ததா?

நேற்று ஹோட்டலில் விருந்து. மெஷினில் ஒரு பல்பு எரியவில்லை என்று பின்னேரம் கூப்பிட்டார்கள். பல்பை மாற்றினேன். குண்டையும் மாட்டினேன், நீ வைத்த அதே இடத்தில்.

விருந்தாளிகள் சுற்றி நிற்க முதலாளி ஆடினார். பந்து கீழே நழுவும்போது இடுப்பால் ஒரு இடி இடித்தார். மெஷின் அப்படியே இருண்டுபோனது.

"நீங்கதானே திருத்தினது? தெறந்து பாருங்களேன்" என்றார் ஒரு விருந்தாளி, நல்ல மனதோடுதான்.

முதலாளி மெஷினை இரண்டு சுற்று சுற்றி வந்தார். அதை எந்தப் பக்கம் திறப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் என்னைப் பார்த்து, "என்னடா, பழுதாப்போச்சா?" என்றார்.

"இல்ல சேர். எங்க அக்கா திருத்தின மெஷின் அது. ஒலுக்குனா அப்படித்தான் அணையும்."

எல்லோருக்கும் கேட்கும்படி, உன் முழுப் பெயரையும் சொன்னேன், அக்கா.

இனி அந்த ஹோட்டலில் என்னைக் கூப்பிட மாட்டார்கள். போகட்டும். நீ மாட்டியதை இனி எவன் சொன்னாலும் நான் கழற்ற மாட்டேன்.

ஒருமுறை கழற்றிவிட்ட,
உன் கூடப்பிறந்த தம்பி