முட்டி வலிக்காத நோயாளி

பிப்ரவரி 9
மகள் டாக்டர் ஆனதும் படிப்பு தீர்ந்தது என்று நினைத்தேன். இனிமேல்தான் இருக்கிறதாம். எலும்பு ஆபரேஷன் செய்ய மேற்பயிற்சி. இரண்டு ஆஸ்பத்திரிகள், வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றை முதலிடத்தில் குறிக்க வேண்டும். என் ஓட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு. வாசலில் நீரூற்றே இருக்கிறது!

"அங்க பொண்ணுங்களை எப்படி நடத்துறாங்கன்னு தெரியணும்ப்பா."

"நல்லாத்தான் நடத்துவாங்க."

எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அப்பா என்றால் எதையாவது சொல்ல வேண்டாமா?

பிப்ரவரி 10
உளவு பார்க்கப் போகிறேன். நோய்: முட்டி வலி. எந்த முட்டி என்று இன்னும் முடிவாகவில்லை.

பிப்ரவரி 11
கார் பழக்கும் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். பயிற்சி டாக்டர்களில் ஒருத்தி மட்டும் பெண். தலைமை டாக்டர் அவளிடம், "பாப்பா, உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கு, நீ உக்காந்து எழுது. பசங்க ஆபரேஷனுக்கு வரட்டும்" என்றார். தங்கமான மனிதர்! வீட்டில் பெருமையாகச் சொன்னேன்.

மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏம்ப்பா, வண்டி பழக வர்ற பொண்ணைப் பக்கத்து சீட்லயே உக்கார வச்சு கண்ணாடி துடைக்கச் சொன்னா?"

"கட்டின காசைத் திருப்பிக் கேட்பா."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பிப்ரவரி 12
சின்ன ஆஸ்பத்திரி. நீரூற்று இல்லை. மின்விசிறிகூட யோசித்து யோசித்துத்தான் சுற்றுகிறது. நிறைமாத வயிற்றோடு ஒரு பெண் அறைக்குள் வந்தார்.

"சிஸ்டர், டாக்டர் எப்ப வருவாரு?"

"வந்துட்டாரு" என்று எதிரில் உட்கார்ந்தார். "எந்தக் கால்ல வலி?"

"வலது."

"அப்புறம் ஏன் இடது காலை நொண்டிக்கிட்டு வந்தீங்க?"

உண்மையைக் கொட்டிவிட்டேன். அடக்க முடியாமல் சிரித்தார். அவரும் பயிற்சி டாக்டர்தானாம்.

"குழந்தை பிறந்தா உங்க பயிற்சி என்னம்மா ஆகும்?"

"லீவு முடிஞ்சதும் விட்ட இடத்துல தொடருவேன். எனக்கு முன்னாடி ரெண்டு பேர் அப்படித்தான் முடிச்சாங்க. இங்க எழுத்து வேலையும் முறை வச்சுத்தான், ஆபரேஷனும் முறை வச்சுத்தான்." கிளம்பும்போது, "பொண்ணை அனுப்புங்க. நீங்க வராதீங்க" என்றார்.

பிப்ரவரி 13
"உன்னையும் டாக்டர் எப்ப வருவாருன்னு கேப்பாங்களாம்மா?"

"தினமும். உங்களை மாதிரி நல்லவங்கதான் கேப்பாங்க."

எல்லாம் தெரிந்துவிட்டது! என் கேள்வியே என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது. அந்த டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

சின்ன ஆஸ்பத்திரியை முதலில் குறித்தாள். நான் நீரூற்றைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஏப்ரல் 2
இடம் கிடைத்துவிட்டது. சின்னதில்.

நவம்பர் 20
படியில் வழுக்கி விழுந்தேன். நிஜமாகவே வலிக்கிறது. இடது முட்டி. வீட்டில் ஒருவரும் நம்பவில்லை.

நவம்பர் 21
மகளின் ஆஸ்பத்திரிக்கே போனேன். அவள் ஆபரேஷனில் இருக்கிறாளாம். இன்று அவள் முறை. எழுதுவது ஒரு பையனாம். அப்பனாக இருந்தாலும் வெளியே உட்கார் என்றார்கள். உட்கார்ந்தேன். நீல உடையில் ஒரு பெண் வந்தார். பட்ட பாடு போதும் என்று நொண்டியபடியே எழுந்து, "வணக்கம் டாக்டர்!" என்றேன்.

"இருக்கட்டும்ங்க" என்றார். "உக்காந்து காலை மட்டும் தூக்கிக்கோங்க. தரை துடைக்கணும்."