உன் உடம்பிலிருந்து கழற்றிய நீலச் சட்டை

உன் உடம்பிலிருந்து நீலச் சட்டையைக் கழற்றிய பிறகுதான் ஆம்புலன்சுக்குப் போன் போட்டார்கள். கம்பெனி மறுக்கிறது. நான் பார்த்தேன்.

இன்று காலை உன் பெயருக்கு ஒரு கவர் வந்தது. தபால்காரர் உன் அம்மாவிடம் கொடுக்க மனமில்லாமல், "நீயே வெச்சுக்கப்பா" என்று என் கையில் கொடுத்துப் போனார். பிரித்தால், நீ ஆசையாகச் சேர்த்துவந்த நடிகர் கார்டுகளைப் போல ஒன்று. ஏதோ வெளிநாட்டு டிவி தொடருடையது. அட்டை நடுவில் சின்ன சன்னல் வெட்டி, அதற்குள் தபால்தலை அளவுக்குப் பழுப்புத் துணி. இந்தத் துணி படப்பிடிப்பில் நடிகர் போட்ட கோட்டிலிருந்து வெட்டியதுதான் என்று பின்பக்கம் ஒரு வரி உறுதி. மாதக்கணக்கில் யாரிடமோ போனில் பேசி, உன் நல்ல கார்டுகளைக் கொடுத்து நீ மாற்றிக்கொண்டது.

எல்லாரும் ஹீரோ கையெழுத்துக்கு அலைவார்கள். பாகூர் ஏரிக்கரையில் ஷூட்டிங் நடந்தபோது நீ கேரவன் பக்கமே போகவில்லை. டூப் போட்டவரிடம் போய் அட்டையை நீட்டினாய். முழங்கை சிராய்ப்போடு டீ குடித்துக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார்.

"எங்கிட்டயா? ஹீரோ அங்க கீறாருப்பா."

"அவரு சட்டைல மடிப்பே கலையலண்ணே. கிழிஞ்சது உன்னுதுதான?"

அவர் கையெழுத்துப் போட்டதோடு, தொங்கிக்கொண்டிருந்த சட்டைக் கையிலிருந்து ஒரு துண்டையும் பிய்த்துக் கொடுத்தார். வழியெல்லாம் அதை முகர்ந்துகொண்டே வந்தாய்.

"வேர்வ நாறுதுடா. ஒரிஜினல்!"

"த்தூ, தள்ளிப் போடா" என்றேன்.

சேதராப்பட்டுக் கம்பெனியில் நிரந்தரத் தொழிலாளிக்கு நீலச் சட்டை. நம்மைப் போன்ற கான்ட்ராக்ட் ஆட்களுக்குச் சாம்பல். நாம் பெருக்கலாம், மூட்டை தூக்கலாம். தகடு அழுத்தும் பிரஸ் மிஷினைத் தொடக்கூடாது. காகிதத்தில்தான் அப்படி. தினமும் அதை ஓட்டியது நாம்தான். அரசாங்க அதிகாரிகள் பார்வையிட வரும் நாளில் மட்டும் சூப்பர்வைசர் நமக்கு நீலச் சட்டை மாட்டிவிடுவார், சாயங்காலம் திரும்ப வாங்கிக்கொள்வார்.

அன்றும் மாட்டிவிட்டார். பாக்கெட்டின் மேல், லீவில் இருந்த யாரோ ஒருவரின் பெயர். நீ காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டாய்.

"இன்னிக்கு நான்தான்டா டூப்பு. கையெழுத்து வோணுமா?"

"மொதல்ல மிஷினப் பாருடா."

மதியத்துக்குள் மிஷின் உன்னை இழுத்துக்கொண்டது.

காலையில் நீ கழற்றி வைத்த சாம்பல் சட்டையைத்தான் இப்போது எல்லாருக்கும் காட்டுகிறார்கள். பெருக்குகிற ஆளாம். யாருக்கும் தெரியாமல், பனியனோடு போய் மிஷினில் கை வைத்தாயாம். உன் அம்மாவுக்கும் இதையே சொல்லி அனுப்பினார்கள்.

"எம் புள்ள தப்பு பண்ணானாப்பா?" என்று கேட்டார்.

"இல்லம்மா" என்றேன்.

என் வார்த்தை அவருக்குப் போதும். கம்பெனிக்குப் போதாது. பக்கத்தில் நின்றவர்கள் வேலை போய்விடுமென்று பயந்து வாயை மூடிக்கொண்டார்கள். நான் மூடவில்லை, என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். எங்கோ ஒரு நடிகன் போட்ட கோட்டுக்கு உறுதி எழுதித் தர ஆள் இருக்கிறது. நீ செத்தபோது போட்டிருந்த சட்டைக்கு இல்லை.

உன் கார்டு ஆல்பம் என்னிடம்தான் இருக்கிறது. இன்று வந்ததையும் அதில் செருகிவிட்டு, நேராகக் கம்பெனி கேட்டுக்குப் போனேன். சூப்பர்வைசரின் கார் உள்ளே நுழைய நின்றது. கண்ணாடியைத் தட்டினேன். இறங்கவில்லை. உள்ளங்கையால் ஓங்கித் தட்டினேன்.

"அவன் போட்டிருந்த நீலச் சட்டைய வெளிய எடுய்யா!"