எண்ணெய்க் கிண்ணத்தில் சந்தனம்

பரமத்தி வேலூர்,
தாரண வருஷம், ஐப்பசி 14.

சிரஞ்சீவி சின்னராஜுக்கு அப்பன் தங்கசாமி ஆசி கூறி எழுதுவது. இங்கே நான் நடமாடும் அளவுக்குச் சௌக்கியம், மோகனூரில் உன் தங்கை சௌந்திரமும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் சௌக்கியம், வெற்றிலைக் கொடிக்கால் பாதி சௌக்கியம், தண்ணீர் இறைக்கும் என்ஜின் நாலு நாளாகச் சௌக்கியம். ராவல்பிண்டிக் குளிரிலும் பட்டாளத்து மோட்டார்ப் பட்டறைப் புகையிலும் உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும் என்று தினமும் காவேரியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். போன கடிதத்தில் நான் எழுதிய ஒரு சங்கதியை நீ மறந்துவிட வேண்டும். என்ஜின் ஓட்டும் வீரன் எண்ணெயைத் திருடி விற்றுவிட்டான், அதனால்தான் பேரிங் காய்ந்து அதற்குள் ஊற்றியிருக்கும் மெட்டல் உருகிப் போயிற்று, அவனைத் துரத்திவிட்டேன் என்று வீராப்பாக எழுதியிருந்தேன் அல்லவா, அது அத்தனையும் பொய். தெரிந்து சொன்ன பொய் இல்லை, ஆனாலும் பொய் பொய்தான். பேரிங்கைக் கெடுத்தவன் உன் அப்பன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், கோபப்படாமல் படி. உன் அம்மா போன துக்கத்தில் போன வருஷம் ஆயுத பூஜை கிடையாது. இந்த ஆடியில் வருஷ திதி முடிந்துவிட்டது, இனிமேல் விளக்கு வைக்காமல் விட்டால் அவளுக்கே பிடிக்காது என்று நானே என்ஜின் கொட்டகையைக் கழுவி, மாவிலை கட்டி, பூஜை போட்டேன். அவள் இல்லாத குறை தெரியக் கூடாது என்று ஒன்றுக்கு இரண்டாகச் செய்தேன். பேரிங் தலையில் இருக்கிற பித்தளை எண்ணெய்க் கிண்ணத்தின் மூடியைத் திறந்து, புளி போட்டுத் தேய்த்து, கலசத்துக்குப் பூசுவது போல உள்ளும் புறமும் சந்தனம் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்து, தள்ளி நின்று பார்த்தேன். ஜோராக இருந்தது. அடுத்த நாள் ஓட்டினோம், அதற்கடுத்த நாளும் ஓட்டினோம். மூன்றாம் நாள் வெயில் ஏறும் நேரத்தில் சக்கரத்துப் பக்கத்துப் பேரிங்கிலிருந்து புகை கிளம்பிற்று, வீரன் ஓடிப் போய் நிறுத்துவதற்குள் மெட்டல் மெழுகு போல வழிந்துவிட்டது. டின்னைப் பார்த்தேன், எண்ணெய் குறைந்திருந்தது. பேரிங்கைப் பார்த்தேன், காய்ந்து கிடந்தது. இந்த யுத்த காலத்தில் ஒரு படி எண்ணெய்க்கு என்ன பாடு என்று உனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன், கண்முன் வீரன் நின்றான். வெற்றிலை கிள்ள வந்த எட்டுப் பேர் பார்க்க, எண்ணெய்த் திருடா என்று கத்திவிட்டேன். அவன், ஊத்துனேனுங்க சாமி, ஊத்துனது எங்க போச்சுன்னு எனக்கே தெரியலீங்க என்று மட்டும் சொன்னான். தெரியலையா என்று அதற்கும் ஒரு கத்து. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு போய்விட்டான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று உன் அம்மா என்னைப் பார்த்துத்தான் அடிக்கடி சொல்லுவாள்.

அதற்குப் பிறகு இருந்த இருப்பைச் சொன்னால் நீ சிரிப்பாய். நம் கொடிக்கால் ராஜ வாய்க்காலுக்கு மேட்டுப்புறம், வாய்க்கால் தண்ணீர் ஏறாது, ஐப்பசி பிறந்தும் மழை இல்லை, நாள் தவறாமல் தண்ணீர் காட்டாவிட்டால் வெற்றிலைக்கொடி இரண்டு வாரத்தில் சுருண்டுவிடும். பக்கத்துக் காட்டு மாடுகளை இரவல் வாங்கி, பரணில் கிடந்த பழைய தோல் சாலைத் தைத்து, இந்த வயதில் கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைத்தேன். காலையிலிருந்து மாட்டுக்குப் பின்னால் முன்னும் பின்னும் நடை. பேச ஆள் இல்லாமல் மாட்டோடு பேசினேன், இரவல் மாடு ஆனதால் அதுவும் முகம் கொடுக்கவில்லை. வீட்டில் சோறு ஆக்கினால் நானே சாப்பிட வேண்டியிருக்கிறது என்பதுதான் பெரிய தண்டனை. சௌந்திரம் ஒரு நாள் வந்து பார்த்து அழுதுவிட்டு, மோகனூருக்கு வந்துருங்கப்பா என்றாள். மகள் வீட்டில் போய்க் குந்திக்கொண்டு மாப்பிள்ளை முகத்தைப் பார்க்கச் சொல்கிறாயா என்று அவளையும் வாயடைத்து அனுப்பினேன். அனுப்பிய பிறகு வண்டி போன தடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீடு அடங்கிக் கிடந்தாலும் கொடிக்காலில் என்ஜின் சத்தமும் வீரன் பேச்சும் இருக்கிறது என்றுதான் இந்த ஒரு வருஷத்தை ஓட்டினேன் கண்ணு. அதையும் என் வாயாலேயே இல்லாமல் செய்துகொண்டேன்.

உருகிய பேரிங்கைக் கரூரில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோய் மெட்டல் ஊற்றி வாங்கி வந்தேன். மாட்ட ஆள் அனுப்ப முடியாது, ஆட்கள் எல்லாம் மிலிட்டரி வேலையில் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள். சரி, என் பிள்ளை செய்கிற வேலை எனக்கு வராமலா போய்விடும் என்று பேரிங் மாட்டும் விதத்தை நீ முன்பு விவரமாக எழுதிய கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வேலையாக எண்ணெய்க் கிண்ணத்தைச் சுத்தம் செய்வோம் என்று அதன் அடியில் இருக்கும் சின்னக் குழாயில் கோணூசியை விட்டால் உள்ளே போகவில்லை. குத்தித் திருகினேன். கல் மாதிரி இறுகிய சந்தனம் பொடிப்பொடியாக வந்தது, கூடவே குங்குமச் சிவப்பு. எண்ணெய் பேரிங்குக்குள் சுற்றும் தண்டுக்கு இறங்க இருந்த வழி அது ஒன்றுதான். அதை நான் பக்தியோடு அடைத்து வைத்திருக்கிறேன். பேரிங்குக்குக் கீழே மணலைக் கிளறினேன், முழங்கை ஆழத்துக்கு எண்ணெய் ஊறிக் கிடந்தது. வீரன் ஊற்றியது எல்லாம் கிண்ணம் நிரம்பி வெளியே வழிந்து மணலுக்குப் போயிருக்கிறது. உன் அம்மா அந்தக் கிண்ணத்தின் வாயில் ஒரு கந்தல் துணியைத் திணித்துவிட்டுத்தான் சந்தனம் வைப்பாள், பூஜை முடிந்ததும் துணியை உருவிவிடுவாள். ஐந்து வருஷம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் அவள் கையைக் கவனித்ததில்லை. கோணூசியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கொட்டகையில் அழுதேன். அவளுக்காகப் பாதி, வீரனுக்காகப் பாதி. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, இரண்டும் எங்கே இருக்கின்றன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீரனைப் போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை. வேலையைத் தனியாகவே முடித்துவிடலாம் என்று இரண்டு நாள் பார்த்தேன். விளக்குக் கரியை ஆமணக்கெண்ணெயில் குழைத்துக் கிராங்குத் தண்டில் தடவி, பேரிங் மூடியை வைத்து எடுத்து, கறை பட்ட மேட்டையெல்லாம் சுரண்டினேன், அதுவரை கைக்கு வந்தது. அப்புறம் தண்டுக்கும் பேரிங்குக்கும் இடைவெளி பார்க்க வேண்டுமே, நீ சொன்னபடி ஈயக் கம்பியைத் தண்டின் மேல் கிடத்தி, மூடியை முடுக்கி, கழற்றி எடுத்தேன். கம்பி நசுங்கி வந்தது, அந்தக் கனம்தான் இடைவெளி, அது எவ்வளவு என்று என் கண்ணுக்கும் தெரியவில்லை, விரலுக்கும் தெரியவில்லை. கடப்பாரையைக் கொடுத்துச் சக்கரத்தைத் தூக்கி ஆட்டம் பார்க்கலாம் என்றால், கடப்பாரையை மிதித்தால் மூடியோரம் விரல் வைக்க ஆள் இல்லை, விரலை வைத்தால் கடப்பாரையை மிதிக்க ஆள் இல்லை. எதற்கும் இறுக்கமாகவே இருக்கட்டும் என்று இடைவெளிக்காக மூடிக்கு அடியில் வைத்திருந்த பித்தளைத் தகடுகளை எல்லாம் எடுத்துவிட்டு முடுக்கினேன். சக்கரம் செக்குக்கல் மாதிரி நின்றுவிட்டது. கொடியில் நுனி இலை மஞ்சள் தட்ட ஆரம்பித்திருந்தது. அப்புறம்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நம் சனம் யாரும் காலெடுத்து வைக்காத, வீரன் சனம் குடியிருக்கும் வளவுக்கு நடந்தேன்.

வளவில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். வீரன் மட்டும் வாசலில் பனைநார் கிழித்துக்கொண்டிருந்தான், அவன் பெண்டாட்டி பாவாயி என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சந்தனம் அடைத்திருந்ததைச் சொன்னேன், தப்பு என் மேல் என்றும் சொன்னேன். அவன் எழுந்து நின்று கேட்டான். கேட்டுவிட்டு, திருடன்னு சொன்னது கொடிக்கால்ல, எட்டுப் பேரு முன்னால, இல்லைன்னு சொல்றது எங்க ஊட்டு வாசல்ல, ஆருமில்லாதப்பங்களா சாமி என்றான். சத்தம் போட்டுச் சொல்லவில்லை, வழி கேட்பது போலத்தான் சொன்னான். பனைநாரைக் கீழே போட்டுவிட்டு அவனே, கொடி என்னங்க பாவம் பண்ணுச்சு என்று சொல்லிக் கிளம்பினான். வழியில் நான் முன்னால், அவன் பின்னால் நடந்தோம்.

வந்ததும் நான் முடுக்கியிருந்ததைக் கழற்றித் தகடுகளைத் திரும்ப வைத்து, புதுக் கம்பி போட்டு நசுக்கி எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டிப் பார்த்தான். முத்தின வெத்தலைக் கனம் இருக்குதுங்க, கொளுந்துக் கனத்துக்கு வரோணும் என்றான். ஒரு தகட்டை உருவினான். மறுபடி பார்த்து, இப்பச் சரி என்றான். இன்னும் ஒன்று எடுக்கலாமே என்றேன். இறுக்குனா நல்லதுன்னு நெனைக்காதீங்க சாமி, எண்ணெய் போறதுக்கு எடம் வேணுமுங்க என்றான். நான் கடப்பாரையை மிதித்தேன், அவன் விரலை வைத்தான், தலையை ஆட்டினான். எண்ணெய் விட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினோம், வெண்ணெயாகச் சுற்றியது. என்ஜின் முதல் அடி அடித்துத் தண்ணீர் தொட்டியில் விழுந்தபோது நான் வீரன் முகத்தைப் பார்த்தேன், அவன் பேரிங்கைத் தொட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருந்தான். மோர் கொடுத்தேன், தாகமில்லீங்க என்று கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டான்.

நேற்று வெற்றிலை கிள்ளும் முறை. அதே எட்டுப் பேரையும் கூடையை இறக்கச் சொல்லி நிறுத்தி, வீரன் திருடவில்லை, நான்தான் சந்தனத்தை அடைத்துப் பேரிங்கை எரித்தேன், அவன் மேல் பழி போட்டது என் தப்பு என்று சொன்னேன். அவர்களில் கந்தம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டே, அவுரு திருடலைன்னு எங்களுக்கு அன்னைக்கே தெரியுமுங்க சாமி என்றாள். தெரியாதவன் நான் ஒருத்தன்தான். சாயங்காலம் வீரன் வந்தான். சேதி வந்துச்சுங்க, மனசு ஆறுச்சுங்க என்றான். நாளைக் காலையில் வந்துவிடு என்றேன். மோகனூர்ப் பக்கத்தில் ஒரு தோட்டத்து என்ஜினுக்கு ஒத்துக்கொண்டுவிட்டானாம், சொன்ன சொல் மாற முடியாது என்றான். கோபத்தில் சொன்னதாகத் தெரியவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பெண்டாட்டி பிள்ளைகள் இங்கேதான், ஞாயிறுதோறும் வந்து போவானாம். இன்று காலை என்ஜினை நானே சுற்றிவிட்டேன், நன்றாகத்தான் ஓடுகிறது.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். உன் கடிதம் வந்தால் நான் அதை என்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து வீரனுக்கு உரக்கப் படிப்பது வழக்கம். அவன் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கேள்வி கேட்பான், அரைநாள் போய்விடும். அவன் போன பிறகு வந்த உன் கடிதத்தை நான் ஒருத்தனாகப் படித்தேன், வெற்றிலை போட்டு மெல்லுவதற்குள் தீர்ந்துவிட்டது. ஆகையால் வீரன் பேருக்கு நீ தனியாக ஒரு கடிதம் எழுது. அவர்கள் வளவில் எழுத்துத் தெரிந்தவர் இல்லை, பள்ளிக்கூட வாத்தியாரிடம் போக அவன் கூச்சப்படுவான், உன் கையெழுத்தைப் படித்துச் சொல்ல என்னிடம்தான் கொண்டுவருவான். வராவிட்டால் நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், அவன் வாசலில் எல்லோரும் இருக்கும்போது படித்துச் சொல்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொள், மேலதிகாரியிடம் என்னைப் போல வாயைக் கொடுக்காதே. நீ நூறு வயது நிறைந்திருந்து ஊர் வந்து சேர, போன உன் அம்மாவும் இருக்கிற நானும் ஆசீர்வதிக்கிறோம். எனக்கு எழுதுவது நாலு வரி ஆனாலும் பரவாயில்லை, வீரனுக்கு எழுதுவதை மட்டும் நீளமாக எழுது.

இப்படிக்கு உன் அப்பன்,
தங்கசாமி.