கழற்றாத கம்மல்

என் சிட்டுக்குட்டி,

போன மாதம் எங்கள் மகளிர் சங்கத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு சார் வந்தார். எங்களுக்குக் கடன் கொடுக்கிற கம்பெனிக்கே கடன் கொடுக்கிற பெரிய நிறுவனமாம் அவருடையது. அவருக்குத் திருப்தியானால்தான் கம்பெனிக்குப் பணம் வரும். அது வந்தால்தான் கிரிவலப் பாதையில் நான் டீக்கடை போட முடியும்.

"ஏழையாத் தெரிஞ்சாத்தான் குடுப்பாங்க" என்று தலைவி பச்சையம்மாள் எல்லோரையும் கம்மலைக் கழற்ற வைத்தாள். நான் மாட்டேன் என்றேன். நீ முதல் சம்பளத்தில் வாங்கிப் போட்டதாயிற்றே. நீ கண்ணை மூடிய அன்றுகூட நான் அதைக் கழற்றவில்லை.

சார் என் காதையே பார்த்தார். "ஏம்மா, மத்தவங்க காதுல ஒண்ணுமே காணோம்?"

"முந்தானையில முடிஞ்சு வச்சிருக்காங்க சார்" என்றேன்.

"அடிப்பாவி, வாயை மூடுடி" என்றாள் பச்சையம்மாள். சார் சிரித்துவிட்டார். "எடுத்துப் போட்டுக்கங்கம்மா. கடன் வாங்கி நல்லா இருக்கீங்களான்னு பாக்கத்தான் வந்தேன். இல்லாட்டி எதை நம்பி இன்னும் குடுக்கறது?"

பணம் வந்துவிட்டது. கடைப் பலகையில் உன் பேரைத்தான் எழுதியிருக்கிறேன். இனி பௌர்ணமிக்கு வருகிறவர்கள் "ரேவதியக்கா, ரெண்டு டீ" என்று என்னைக் கூப்பிடுவார்கள். அப்போது நான் திரும்பிப் பார்க்கட்டுமா, கண்ணு?

உன் அம்மா