நான்காவது கல்லூரிக்காக நான் பேசியது

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் முதுகுவலி தேவலையா? இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. கல்லூரிக்காரர்கள் எல்லோரும் பகலெல்லாம் ஒரே வேனில், ராத்திரி ஒரே விடுதியில் இருக்கிறோம். நான் தும்மினால்கூட மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். போனில் எங்கே பேசுவது?

தனித்தனியாகப் போனால் பள்ளிகள் அரங்கம் தருவதில்லை. அதனால் பிளஸ் டூ பிள்ளைகளை எங்கள் கல்லூரிகளில் சேரச் சொல்லிப் பேச, நான்கு கல்லூரிகள் சேர்ந்து மேடை ஏறுகிறோம். ஆளுக்குப் பதினைந்து நிமிடம். ஒருவரை ஒருவர் குறை சொல்லக் கூடாது. ஒருவர் வராவிட்டால் அவர் பங்கை இன்னொருவர் பேசிவிட வேண்டும். மூன்று வருடமாகக் கேட்டுக் கேட்டு எல்லோர் பேச்சும் எனக்கு மனப்பாடம்.

நான்காவது கல்லூரிக்காரர் ஒருநாள் வரவில்லை. காய்ச்சல், நீங்களே பேசிடுங்க மேடம் என்று செய்தி அனுப்பினார். பேசினேன். சொந்தக் கல்லூரியைவிட அதற்குத்தான் ஜோராகப் பேசினேன் என்று வேனில் ஒரே கிண்டல். அந்த வீடியோவைப் பார்த்துத்தான் உன் மகள், அத்தையே சொல்லிட்டாங்க, அங்கதான் சேருவேன் என்று குதித்தாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

அவர் அப்புறம் வரவே இல்லை. ஆறு ஊர்களில் நானே பேசினேன். போன வாரம் பக்கத்தில் போயிருந்தபோது, அந்தக் கல்லூரியை எட்டிப் பார்த்தேன். பெரிய கேட்டில் சங்கிலி. ஹாஸ்டல் கட்டிலெல்லாம் லாரியில போயி ரெண்டு மாசம் ஆச்சும்மா, வாத்தியாருங்களும் வர்றதில்ல என்றார் காவலாளி. சின்னக் கதவு வழியாக என்னை உள்ளே விட்டார். ஆய்வகத்தில் மேசைகள் இருந்த தடம் மட்டும் தரையில் தெரிந்தது. பக்கவாட்டில் ஓர் அறை திறந்திருந்தது. அங்கே ஒரு பெண், சேர வந்த பிள்ளைகளின் அசல் சான்றிதழ்களை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வணக்கம் சொன்னாள். உங்க பேச்சக் கேட்டுத்தான் மேடம் எல்லாரும் வர்றாங்க என்றாள். விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டேன்.

வேனில் சொன்னேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நாலு காலேஜுன்னு சொல்லித்தான அரங்கம் வாங்குறோம், கிளறினா நம்ம பொழப்பும் போயிடும் என்று மட்டும் ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு என்னைத் தனியாக எங்கேயும் விடுவதில்லை. தபால் பெட்டிக்குக்கூட யாராவது கூட வருகிறார்கள்.

உன் மகளைத் திங்கட்கிழமை அங்கே சேர அனுப்பாதே. அசல் சான்றிதழ்கள் கைமாறினால் திரும்பி வராது, வேறெங்கும் சேரவும் முடியாது. அழுதால் அழட்டும். அத்தை பொய் சொல்லிவிட்டாள் என்றே சொல். அவளோடு சேரப்போகும் தோழிகளிடம் இப்போதைக்கு மூச்சு விடாதே. அவர்கள் வீட்டில் கேட்டால் ஏதாவது சாக்குச் சொல்லிவிடு. விஷயம் வெளியே போனால் என்னிடம்தான் வந்து நிற்கும்.

வியாழக்கிழமை பெரிய அரங்கம், அறுநூறு பிள்ளைகளாம். நான்காவது பங்குக்கும் என்னையே போட்டிருக்கிறார்கள். முடியாது என்று நான் இன்னும் சொல்லவில்லை.

உன் மகள் எங்கே படித்தாலும் நன்றாக இருக்கட்டும். அவள் ஒருத்திக்காக மட்டும்தான் இப்போது என்னால் வேண்டிக்கொள்ள முடிகிறது.

இப்படிக்கு,
உன் அக்கா